விழிஞ்சத்திலிருந்து குளச்சலுக்குப் பாயில் ஒரு பகல்

நாகர்கோவில் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: திருவனந்தபுரத்தில் அவரோடு வேலை பார்க்கும் நண்பர், கொச்சியிலிருந்து 30 அடிப் பாய்மரப் படகு ஒன்றை விழிஞ்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாராம். பிப்ரவரியில் ஒரு நாள் விடிகாலை விழிஞ்சத்தில் கிளம்பி, கரையை ஒட்டியே குளச்சல் வரை போய், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது ஆசை. மொத்தம் நான்கு பேர். அதில் இருவருக்குப் பாய் பிடிக்கத் தெரியும். இது முடியுமா, அந்த நாள் எப்படி இருக்கும், எதற்கெல்லாம் தயாராக வேண்டும் என்பது கேள்வி.

போகலாம். மாதமும் சரியான மாதம். ஆனால் அன்றே திரும்புவது நடக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டத்தில் பெரிய ஆபத்து இருக்கும் இடம் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். விழிஞ்சத்திலிருந்து குளச்சல் கடல்வழியில் ஏறக்குறைய 20 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஆக 37 கிலோமீட்டர். உங்கள் அளவுப் படகு நல்ல காற்றில் 5, 6 நாட், அதாவது மணிக்கு 5, 6 கடல் மைல், ஓடும். காற்று இருக்கும் நேரத்துக்கு மட்டும் சராசரி பார்த்தால் 4 நாட் என்று வைப்பதுதான் நேர்மை. அப்படியானால் போக, காற்று நிற்கும் நேரத்தைச் சேர்க்காமல், 5 மணி நேரம். திரும்பவும் 5 மணி நேரம்தானே என்று தோன்றும். இல்லை. பிப்ரவரி பிற்பகலில் இந்தக் கரையில் காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும். குளச்சலிலிருந்து விழிஞ்சம் சரியாக வடமேற்கில் இருக்கிறது. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. 45 பாகை அளவுக்கு ஒதுங்கி, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். 20 மைல் 28 மைல் ஆகிவிடும். எதிர் அலை வேறு வேகத்தைத் தின்னும். மதியம் 2 மணிக்குக் குளச்சலை விட்டால் இரவு 10 மணிக்கும் பாதி வழியில், பொழியூருக்கு வெளியே இருப்பீர்கள். அந்த நேரத்தில் அங்கே கடல் முழுக்க வலை.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. ஆறு வருடம் முன்பு நானே அப்படித்தான் திரும்பினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே ஒரு பகலில் குளச்சல் போய்ச் சேருங்கள். இரவு அங்கே நங்கூரம் போட்டுத் தங்குங்கள். மறுநாள் வெளிச்சம் வந்ததும் திரும்புங்கள். விடுமுறை ஒரு நாள்தான் என்றால் ஒருவர் மட்டும் காரில் குளச்சலுக்கு வந்து மற்றவர்களை ஏற்றிக்கொள்ளட்டும், படகைத் திருப்பிக் கொண்டுவரும் இருவர் தங்கட்டும்.

இந்த ஏற்பாடு என் யோசனை அல்ல. எங்கள் பாட்டா காலத்தில் கட்டுமரக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் கடலுக்குப் போய் வந்தார்கள். ராத்திரி நிலம் குளிர்ந்து, மலைப்பக்கமிருந்து கடலை நோக்கிக் காற்று இறங்கும். அதுதான் கரைக்காற்று. அதில் பாய் கட்டி வெளியே போவார்கள். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று திரும்பி, கடலிலிருந்து கரைக்கு வீசும். அதில் பாய் கட்டி வீட்டுக்கு வருவார்கள். எஞ்சின் இல்லாத நாளில் இந்த இரண்டு காற்றும்தான் அவர்களுக்குப் போகவர வண்டி. எந்தக் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வார் பாட்டா. எனக்கு அப்போது எட்டு வயது. கடலில் நான் முதலில் கற்ற பாடம் அதுதான், இன்றைக்கும் படகில் ஏறியதும் முதலில் செய்வதும் அதுதான்.

சரி, நாளைத் தேர்ந்தெடுப்பது. டிசம்பர் முதல் மார்ச் முதல் பாதி வரை இந்த மேற்குக் கரை அமைதியாக இருக்கும். மலை நமக்கு மறைவு. முட்டத்துக்குக் கிழக்கே, கன்னியாகுமரிப் பக்கம் போனால் கதை வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிதுங்கி வரும் காற்று அங்கே முரட்டுத்தனமாக அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. நீங்கள் குளச்சலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வரும். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை வந்து கரையில் ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அந்த அலைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் நாள்தோறும் அலை உயரம், அலை இடைவெளி, காற்று எல்லாம் கணித்து வெளியிடுகிறது. முந்தின நாள் மாலையும், புறப்படும் காலையும் பார்த்துவிட வேண்டும். அலை உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், இடைவெளியையும் பாருங்கள். 16, 18 நொடி என்று போட்டிருந்தால் வெளிக்கடலில் ஒன்றும் தெரியாது, ஆனால் கரையோரமும் துறைமுக வாயும் கொதிக்கும். வங்கக்கடலில், இலங்கைப் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருக்கிறது என்று சொன்னாலே திட்டத்தைத் தள்ளிவையுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி எவ்வளவு வேகமாகப் புயலானது என்பதை வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் தூத்தூரிலும் போய்க் கேளுங்கள். அந்த ஊர்களைக் கடந்துதான் உங்கள் படகு போகப்போகிறது.

கிழமையும் முக்கியம். குமரி மேற்குக் கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள். சனி ராத்திரி பெரும்பாலும் வலை விடுவதில்லை. ஞாயிறு காலை கடல் ஓரளவு காலியாக இருக்கும். பாயில் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

புறப்படுவதற்கு முன் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். விழிஞ்சம் பக்கம் கேரளக் கடலோரக் காவல், குளச்சல் பக்கம் தமிழ்நாட்டுக் கடலோரக் காவல், இரண்டு இடத்திலும். நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவே ஓடும் மாநில எல்லை கடலில் கோடு போட்டு இருக்காது, ஆனால் கேட்பவர்கள் கேட்பார்கள். படகின் பதிவுத்தாள், எல்லாருடைய அடையாள அட்டை, யார் யார் ஏறினார்கள் என்ற ஒரு தாள். கடலோரக் காவல் படை எண் 1554, கடலோரப் போலீஸ் எண் 1093. இரண்டையும் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் சுக்கான் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வி.எச்.எஃப். வானொலி 16-ஆம் அலைவரிசையில் திறந்தே இருக்க வேண்டும்.

காலை 6 மணிக்கு எஞ்சினில் புறப்படுங்கள். பிப்ரவரியில் சூரியன் 6.40 வாக்கில்தான் எழும், ஆனால் அதற்கு அரை மணி நேரம் முன்பே தண்ணீர் தெரியும். மீன்பிடித் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் இடது கைப்பக்கம் புதிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர். 3 கிலோமீட்டர் நீளம். அதை முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் தென்கிழக்கே திரும்ப வேண்டும். 2025 மே 2 அன்று அந்தத் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது, அதற்கு முந்தின வருடமே கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. கரைக்கு அருகிலேயே 20 மீட்டர் ஆழம், சர்வதேசக் கப்பல் தடம் 10 கடல் மைலில். அதனால்தான் உலகின் மிகப் பெரிய பெட்டகக் கப்பல்கள் நம் கண்ணெதிரே வந்து நிற்கின்றன. கப்பல் உள்ளே வரும் தடத்தைக் கடக்குமுன் வானொலியில் கேட்டுவிட்டுக் கடந்து போங்கள். பாய்மரப் படகுக்கு எஞ்சின் கப்பல் வழிவிட வேண்டும் என்ற விதியை இங்கே நம்பிக்கொண்டு போகக் கூடாது. குறுகிய தடத்தில் பெரிய கப்பலுக்குப் பாய்ப்படகு இடைஞ்சலாக நிற்கக் கூடாது என்பதும் அதே விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. படகில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கண் கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரம் என்றால் தொடுவானம் சுமார் 3 கடல் மைலில். பிப்ரவரிக் காலையில் கடல்மேல் வெள்ளையாகப் புகைமாதிரி ஒன்று நிற்கும், அதற்கு அப்பால் கப்பலே தெரியாத நாளும் உண்டு. 20 நாட்டில் வரும் கப்பல் அந்த 3 மைலை 9 நிமிடத்தில் கடந்துவிடும். நீங்கள் டீ போட்டுக் குடிக்கிற நேரம். ஆகவே ஒருவருடைய வேலை சுற்றிப் பார்ப்பது மட்டுமே. அரை மணிக்கு ஒருவர் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவரைக் கடந்ததும் பாயை ஏற்றுங்கள். பெரிய பாய் முதலில், அப்புறம் முன்பாய். எஞ்சினை அணைத்த அந்த நொடியை நானாக விவரிக்க மாட்டேன், அது உங்களுக்கே கிடைக்கட்டும். கரைக்காற்று வடகிழக்கிலிருந்து 5 முதல் 8 நாட்டில் வரும். நீங்கள் போவது தென்கிழக்கு. காற்று இடது பக்கவாட்டில், இடது கன்னத்தில் குளிர்ச்சியாகப் படும். பக்கக்காற்றுதான் எந்தப் பாய்ப்படகுக்கும் சுகமான காற்று. கரைப்பக்கமிருந்து வருவதால் அலை எழ இடமில்லை. தண்ணீர் எண்ணெய் தடவினமாதிரி இருக்கும், படகு மட்டும் ஓடும். 4 நாட் கிடைக்கும்.

கரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மைல் தள்ளியே போங்கள். அடிமலத்துறை, புல்லுவிளை, பூவார் என்று தென்னை வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் பொழி, மணல்திட்டு மஞ்சளாகத் தெரியும். இந்த நேரத்தில் மறக்காமல் நிமிர்ந்து உள்நாட்டைப் பாருங்கள். வெயில் ஏறினால் மலை மங்கிவிடும், ஆனால் 8 மணி வரை அகத்தியமலை, 1,868 மீட்டர், வெட்டி வைத்தமாதிரி நிற்கும். தெற்கே போகப்போக மலைகளின் அடுக்கு மாறுவதைக் கவனியுங்கள். எங்கள் ஊர் மீனவர்கள் இதைத்தான் கணியம் என்பார்கள். ஒரு கோயில் கோபுரம் ஒரு மலைமுகட்டுக்கு நேர்கீழே வருகிறதா என்று பார்ப்பது. அதே நேரம் வேறு பக்கத்தில் இன்னொரு ஜோடி அடையாளம் சேருகிறதா என்று பார்ப்பது. இரண்டு நேர்கோடும் சேரும் இடத்தில் கடலடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கிறது, பாரில் மீன் இருக்கிறது. ஜி.பி.எஸ். வருவதற்கு முன் பத்துப் பதினைந்து மைல் வெளியே, ஒரு வீட்டு முற்றத்தின் அளவு இடத்தைக் கணியத்தால் கண்டுபிடித்தார்கள். நீங்களும் செய்து பாருங்கள். கடற்கரைக் கோயில்கள் எல்லாம் உயரமாக, வெள்ளையாக நிற்பதால் சுலபம். ஒரு கோபுரமும் ஒரு முகடும் பிடித்துக்கொண்டால், படகு நிற்கிறதா, நீரோட்டத்தில் நகர்கிறதா என்று திரையைப் பார்க்காமலே தெரியும்.

நீரோட்டம் என்றதும் நினைவு வருகிறது: நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கரையில் நீர் வடக்கு நோக்கி ஓடும். போகும்போது கொஞ்சம் பிடித்து இழுக்கும், மறுநாள் திரும்பும்போது தள்ளிவிடும்.

நீரோடியில் தமிழ்நாடு தொடங்கும். அப்புறம் மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. ஒரு ஊர் முடியும் இடம் தெரியாமல் அடுத்தது தொடங்கும். தூண்டிலோடு நடுக்கடல் வரை சுறா பிடிக்கப் போகும் ஆட்கள் இவர்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவே டியாகோ கார்சியா தீவுப் பக்கமெல்லாம் இவர்களுக்குத் தெரியும். நாம் ஒரு பகல் பாயில் போவதைப் பெரிதாக நினைக்கும்போது, இந்தக் கரையில் எத்தனை தலைமுறை பாயிலேயே வாழ்ந்தது என்பதை நினைத்தால் நம் குரல் தானாகத் தாழும்.

இங்கேதான் வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறு வருடம் முன்பு, இதே வழியில், இதே மாதத்தில், குளச்சலில் சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்பலாம் என்று கிளம்பினோம். மேற்குக் காற்று 15 நாட். வெட்டி வெட்டி ஏறினோம். இருட்டிவிட்டது. இரவு 9 மணி இருக்கும், பொழியூருக்கு வெளியே படகு சட்டென்று கனத்து, அப்படியே நின்றது. பாய் நிறையக் காற்று இருக்கிறது, படகு நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் சுக்கானைச் சுற்றி நைலான் வலை, முத்துமுத்தாக மிதப்புக்கட்டை, பின்னால் இருட்டுக்குள் எங்கோ நீண்டு போகிறது. நான் பாயை இறக்கச் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

சிவப்பு விளக்கோடு ஒரு ஃபைபர் வள்ளம் வந்தது. இரண்டு பேர். பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கையைப் பார்த்தார். "மக்களே, கத்திய உள்ள வை. இது எனக்க வலை" என்றார். திட்டவில்லை. வள்ளத்தைப் பக்கத்தில் அணைத்து, எங்கள் படகின் பின்பக்கம் குப்புறப் படுத்து, கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டு, ஒவ்வொரு கண்ணியாக எடுத்தார். ஒரு விரலால் நூலைத் தள்ளி, இன்னொரு விரலால் வளையத்தை விரித்து, சுக்கானின் கீழ்முனையிலிருந்து நழுவவிடுவார். அடுத்தது. நாற்பது நிமிடம். டார்ச் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வலையில் கை அகலத்துக்கு ஒரு கிழிசல், அவ்வளவுதான். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "பகல்ல போவும், வாரும்" என்று மட்டும் சொன்னார்.

நான் கத்தியால் அறுத்திருந்தால் அவருடைய வலையில் பத்துப் பன்னிரண்டு முழம் போயிருக்கும். அந்த வலைக்கு வாங்கிய கடன் வீட்டில் இருக்கும். விதிப்படியும் தவறு எங்களுடையதுதான்: எஞ்சின் படகு பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும், பாய்ப்படகு மீன்பிடிக்கும் படகுக்கு வழிவிட வேண்டும். 1972-இல் வகுத்த சர்வதேச விதி அது.

ஆகவே பகலிலும் முன்னால் ஒருவர் அணியத்தில் நிற்கட்டும். வலையின் இரண்டு முனையிலும் கொடி கட்டிய மிதவை இருக்கும். ஒரு கொடியைப் பார்த்தால் இன்னொன்று எங்கே என்று தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள். தெர்மோகோல் துண்டுகள் வரிசையாக மிதந்தால் அது குப்பை அல்ல. பக்கத்தில் வள்ளம் நின்றால் கையை உயர்த்திக் கேளுங்கள். எந்தப் பக்கம் போகலாம் என்று கையாலேயே காட்டுவார்கள். எனக்குத் தெரிந்து காட்டாதவர் யாரும் இல்லை. அப்படியும் சிக்கினால் எஞ்சினைத் தொடாதீர்கள், விசிறியில் சுற்றினால் இரு பக்கமும் நஷ்டம். பாயை இறக்குங்கள், காத்திருங்கள், வலைக்காரர் வருவார்.

மிதப்பது வலை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற பெட்டகக் கப்பல் மூழ்கியபோது, பெட்டகங்களும் பிளாஸ்டிக் மணிகளும் திருவனந்தபுரம், குமரிக் கரைவரை வந்து ஒதுங்கின.

9.30 வாக்கில் கரைக்காற்று செத்துவிடும். பாய் துவண்டு, பூம் என்கிற கிடைமரம் அங்கும் இங்கும் தட்டும். வெயில் ஏறும். படகு அலையில் உருளும், ஓடாது. குமட்டுகிறவர்களுக்குக் குமட்டுவது இந்த நேரத்தில்தான், பெரிய காற்றில் அல்ல. மாத்திரை போடுவதென்றால் புறப்படுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பண்டமும் ஆகாது. கட்டிச்சோறு, அவித்த மரச்சீனிக் கிழங்கு, சுக்குக்காப்பி, இவை போதும். குமட்டுகிறவரைக் கீழே அறைக்குள் அனுப்பாதீர்கள். சுக்கானைக் கையில் கொடுத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

அவசரப்பட்டு எஞ்சினைப் போடலாம், தவறில்லை. நான் போட மாட்டேன். அந்த இரண்டு மணி நேரம்தான் இந்த நாளின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். ஓங்கல், அதாவது டால்பின், கூட்டம் வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். சின்னது பெரியது என்று குடும்பமாக வந்து, மூச்சு விடும் சத்தம் கேட்கிற தூரத்தில் கடந்து போகும். ஒருவர் தண்ணீரில் இறங்கி நீந்த ஆசைப்பட்டால் பாயை முழுக்க இறக்கிவிட்டு, பின்னால் மிதவையோடு நீளக் கயிறு விட்டு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். படகு மெல்ல நகர்வது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நீந்துகிறவர் பிடிக்க முடியாது.

காற்று திரும்புவதை முதலில் தண்ணீர் சொல்லும். மேற்கே தூரத்தில் கடல் கருத்து, கோடு போட்டமாதிரி ஒரு விளிம்பு வரும். அது நெருங்கும் முன்பே, பிடரியில் ஒரு வெதுவெதுப்பான ஊதல். 11.30, 12 மணி. கால் மணி நேரத்தில் 8 நாட், 2 மணிக்கு 12 முதல் 15 நாட். மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்றைத்தான் கச்சான் என்போம்.

இனி காற்று உங்களுக்குப் பின்னால். நேர் பின்காற்று சுகமாகத் தெரியும், ஆனால் அது ஏமாற்றும் காற்று. 12 நாட் காற்றில் 5 நாட் ஓடும்போது உங்கள் முகத்துக்குத் தெரிவது 7 நாட் மட்டும். யாரையாவது தூக்கப் படகைத் திருப்பினால் அதே காற்று 16, 17 ஆக அறையும். பாயின்மேல் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே ஐந்து மடங்குக்கும் மேல். அதனால் பின்காற்றில் போகும்போது மணிக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இப்போது திரும்பினால் இந்தப் பாய் தாங்குமா? சந்தேகம் வந்த உடனே பாயைச் சுருக்குங்கள்.

இன்னொரு ஆபத்து கிடைமரம். நேர் பின்காற்றில் சுக்கான் கொஞ்சம் தவறினால் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு முழு விசையோடு வீசும். தலையில் பட்டால் பேச்சில்லை. நேராகக் குளச்சலைப் பார்த்து ஓட்டாமல், முதலில் 20, 30 பாகை கடல்பக்கம் ஒதுங்கி ஓட்டி, பிறகு நீங்களாகப் பாயை மாற்றிக் கரைப்பக்கம் வாருங்கள். மாற்றும்போது பெரிய பாயை அடக்கும் தாமான் கயிற்றை முழுக்க இழுத்துப் பிடித்து, மெதுவாக விட வேண்டும். எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி இந்த நேரத்தில் போடாமல் எப்போது போடப்போகிறீர்கள்?

இந்தப் பகுதியில் தேங்காய்பட்டணம் துறைமுகம் வரும், குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடம். காற்று ஏறிவிட்டதே, உள்ளே ஒதுங்கலாமா என்று தோன்றும். வேண்டாம். அந்த முகத்துவாரத்தில் அலை மடங்கி உடையும். மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள் பலர் அந்த வாயில் படகு கவிழ்ந்து இறந்திருக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் அடிக்கட்டை தொங்கும் உங்கள் படகுக்கு அது இடமே இல்லை. கடல்காற்று வீசும்போது கரை உங்களுக்குப் பகை. பிரச்சினை வந்தால் கடலுக்குள் தள்ளிப் போங்கள், கரைக்கு ஓடாதீர்கள்.

முள்ளூர்துறை, ராமன்துறை, இனயம், குறும்பனை, வாணியக்குடி. 2 மணி வாக்கில் குளச்சல். கரையோரம் பாறைகள் தலைநீட்டும். சில தலைநீட்டாமல் வெண்ணுரை மட்டும் காட்டும். ஒரு மைல் வெளியிலேயே பாயை இறக்கி, எஞ்சினில் மெல்ல வாருங்கள். புதிய இடத்தில் மூன்று நாட்டுக்கு மேல் வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்துக்குள் இடம் உண்டா என்று வள்ளக்காரர்களிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் வெளியே 6 முதல் 8 மீட்டர் ஆழத்தில், மணல் அடியில் நங்கூரம். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு விடுங்கள். விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கிக் கொடுத்து நங்கூரம் பிடித்ததா என்று பாருங்கள், அப்புறம் ஒரு கணியம் பிடித்து அரை மணி நேரம் கவனியுங்கள்.  கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் இந்தக் கரையில் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் ஆழக்கணக்கு பெரிதாக மாறாது.

சாயங்காலம் கரைக்குப் போனால் வெற்றித்தூணைப் பார்த்துவிடுங்கள். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது இந்தக் கடற்கரையில். பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார்; அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பாயில் வந்து, நீங்கள் நங்கூரம் போட்ட அதே கடலில் நங்கூரம் போட்ட ஆட்கள் அந்த டச்சுக்காரர்கள். சூரியன் 6.30-க்கு இறங்கும். அதற்குள் படகுக்குத் திரும்பி, பாய்மரத்தின் உச்சியில் வெள்ளை விளக்கைப் போட்டுவிட வேண்டும். ராத்திரி வள்ளங்கள் பக்கத்தில் போய்வரும்.

இரவு பயப்பட வேண்டாம். கடல்காற்று 8, 9 மணிக்கு அடங்கி, நள்ளிரவுக்குப் பின் மீண்டும் கரைக்காற்று இறங்கும். நங்கூரம் நழுவினாலும் அது படகை வெளிக்கடல் பக்கம்தான் தள்ளும், பாறைப் பக்கம் அல்ல. ஆனாலும் இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து கணியத்துக்கு வைத்த இரண்டு விளக்கும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.

மறுநாள் 4 மணிக்கே காற்று கூப்பிடும். போகாதீர்கள். இருட்டில் வலை கிடக்கும், திங்கள் என்றால் நிச்சயம் கிடக்கும். தண்ணீர் சாம்பல் நிறமாகி, மிதவைக் கொடி கண்ணுக்குத் தெரிந்த பிறகு, 6 மணிக்கு நங்கூரம் எடுங்கள். 9 வரை கரைக்காற்று 12 மைல் கொண்டுபோகும், நீரோட்டமும் தள்ளும், நீரோடி தாண்டியிருப்பீர்கள். அங்கே காற்று அடங்கியதும் இந்த முறை தயங்காமல் எஞ்சினைப் போடுங்கள், ஏனென்றால் இனி வரப்போவது எதிர்க்காற்று. மீதி 8 மைல், ஒன்றரை மணி நேரம். 11 மணிக்குள் விழிஞ்சம்.

அன்று காலை படகில் உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பாருங்கள். இந்த முறை குளிர் வலது கன்னத்தில் இருக்கும்.